போஸ்ட்டாக் பணி தேட உதவும் இணையதளங்கள்: ஒரு மதிப்பீடு

அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் பட்டம் முடித்தவர்கள் அடுத்ததாகத் தேடுகிற, வழக்கில் போஸ்ட்டாக் என்று சொல்லப்படுகிற இரண்டு மூன்று ஆண்டு ஆய்வுப் பணியை, மற்ற வேலைகளைத் தேடும் முறையில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு நிறுவனம் ஆண்டுதோறும் இத்தனை பேரை எடுப்பது என்று முன்கூட்டியே திட்டமிட்டு நிரப்பும் பணியிடமாக அது பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு பேராசிரியருக்கு ஓர் ஆய்வுத் திட்டத்துக்கான நிதி கிடைக்கிறது. அந்த நிதியில் ஓர் ஆய்வாளரின் ஊதியமும் அடங்கியிருக்கிறது. திட்டம் தொடங்கும் நாள் நெருங்கும்போது விளம்பரம் வெளியாகிறது. சில வாரங்களில் அது முடிந்தும் போகிறது. உலகில் எங்கோ ஓர் ஆய்வகத்தில் நிகழும் இந்தச் சிறிய நிகழ்வு, அதற்குப் பொருத்தமான ஆய்வாளரின் கண்ணில் உரிய நேரத்தில் பட வேண்டும். இதைச் செய்து தருவதாகச் சொல்லும் சேவைகள் பல இருக்கின்றன. அவற்றில் சில இன்றியமையாதவை. சில குறிப்பிட்ட ஒரு தேவைக்கு மட்டும் பயன்படுபவை. சில நேரத்தை வீணாக்குபவை. இளம் ஆய்வாளரின் மிக நெருக்கடியான மாதங்கள் இந்தத் தேடலில்தான் கழிகின்றன என்பதால், எந்தத் தளம் எதற்கு உதவும் என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

இத்தகைய தளம் ஒன்றை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, அதை நடத்தும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைத்தான். விண்ணப்பிப்பவரிடம் எந்த நல்ல தளமும் கட்டணம் கேட்பதில்லை. ஆகவே அந்தச் செலவைத் துறைசார்ந்த அறிவியல் கழகமோ ஆய்வுக்கூடங்களின் கூட்டமைப்போ ஏற்க வேண்டும், அரசு அமைப்பு ஏற்க வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் தரும் ஆய்வகமே செலுத்த வேண்டும். விளம்பரத்துக்குக் கட்டணம் வாங்கும் வணிகத் தளத்தில், நிதி வசதி மிகுந்த பெரிய நிறுவனங்களின் அறிவிப்புகள் நிறைந்திருக்கும். சிறிய குழுவை நடத்தும் பேராசிரியர், ஒரே ஒரு பணியிடத்துக்காக அந்தக் கட்டணத்தைச் செலுத்த அநேகமாக முன்வர மாட்டார். இலவசத் தளத்தில் அவருடைய விளம்பரம் இருக்கும். ஆனால் அதே இலவசம் காரணமாகப் பொருத்தமில்லாத அறிவிப்புகளும் குவிந்திருக்கும். தேடுபவர் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு தளத்தில் தமக்கேற்ற பணி இல்லை என்பதைக் கண்டு உலகிலேயே இல்லை என்று சோர்ந்துபோக மாட்டார்.

என் மதிப்பீட்டில் முதலிடம், ஒரு துறையினர் தமக்காகத் தாமே நடத்தும் அறிவிப்புப் பலகைகளுக்கு. அவற்றுள் மிகச் சிறந்தது, துகளியல் என்றும் சொல்லப்படும் உயர் ஆற்றல் இயற்பியலுக்கான இன்ஸ்பயர். செர்ன், டெசி, ஃபெர்மிலாப், சீனாவின் ஐஎச்இபி, பிரான்சின் ஐஎன்2பி3, ஸ்லாக் ஆகிய ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் இத்தளம், 1974ஆம் ஆண்டு ஸ்லாக் ஆய்வகத்தில் தொடங்கிய ஸ்பைர்ஸ் என்ற தரவுத்தளத்தின் வழித்தோன்றல். கட்டுரைகளைத் தேட அந்தத் துறையினர் நாள்தோறும் திறக்கும் அதே தளத்தில்தான் பணி அறிவிப்புகளும் இருக்கின்றன. அதனால் விளம்பரம் தருபவரும் அதைப் பார்ப்பவரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அறிவிப்பு வெளியிடவும் கட்டணமில்லை, படிக்கவும் கட்டணமில்லை. கோட்பாட்டுத் துகளியல், சோதனைத் துகளியல், வானியற்பியல் என்று, இதழில் வெளியாகும் முன்பே கட்டுரைகள் பதியப்படும் ஆர்க்கைவ் தளத்தின் பிரிவுகளையே இங்கும் வடிகட்டிகளாக வைத்திருக்கிறார்கள். போஸ்ட்டாக் நிலையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். உலகின் எந்தப் பகுதி என்றும் குறுக்கிக்கொள்ளலாம். விளம்பரம் தந்தவரின் பெயரைக் கொண்டு, அவருடைய அண்மைக் கட்டுரைகளையும் அவரோடு முன்பு பணியாற்றிய இளம் ஆய்வாளர்கள் அடுத்து எங்கே சென்றார்கள் என்பதையும் அதே தளத்தில் அறிந்துகொள்ள முடிகிறது. இந்த ஒரு வசதிக்காகவே இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கலாம். ஒரு குழுவில் சேர்ந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைவிட அந்தக் குழுவைப் பற்றிய நல்ல சான்று வேறில்லை.

வானியலில் இதே பணியை அமெரிக்க வானியல் கழகத்தின் பணிப் பதிவேடு செய்கிறது. பெயரில் அமெரிக்கா இருந்தாலும், ஐரோப்பா, தென் அமெரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று எல்லாப் பகுதிகளின் வானியல் நிறுவனங்களும் தம் போஸ்ட்டாக் பணிகளை இதில் வெளியிடுகின்றன. இலையுதிர் காலத்தில் விளம்பரங்கள் குவிகின்றன. கடைசி நாள்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அமைகின்றன. முடிவுகள் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தெரிகின்றன. இந்தப் பருவத்தைத் தவறவிட்டவருக்கு அடுத்த ஆண்டு வரை குறைவான வாய்ப்புகளே கிடைக்கும். இக்கழகம் செய்திருக்கும் இன்னொரு நன்மையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். போஸ்ட்டாக் பணியை அளிக்க முன்வரும் எந்த நிறுவனமும், பிப்ரவரி 15க்கு முன்பே முடிவைச் சொல்லியாக வேண்டும் என்று விண்ணப்பித்தவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் கொள்கை. கோட்பாட்டுத் துகளியலில் நீண்ட காலம் ஜனவரி 7 இப்படிப்பட்ட பொது நாளாக இருந்தது. இத்தகைய உடன்பாடு இல்லாத துறைகளில், ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள் என்ற நெருக்கடிக்குப் பணிந்து, வேறோர் இடத்திலிருந்து வரவிருந்த சிறந்த வாய்ப்பை இழப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பணிப் பதிவேட்டின் தரத்தை அளக்கும்போது, அதைச் சுற்றி அந்தத் துறை என்ன நெறியை உருவாக்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

அறிவிப்பைக் காட்டுவதோடு நில்லாமல் விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொள்ளும் தளங்களில், அமெரிக்கக் கணிதவியல் கழகத்தின் ஆதரவில் இயங்கும் மேத்ஜாப்ஸும், எல்லாத் துறைகளுக்கும் பொதுவான அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைனும் முக்கியமானவை. இவ்விரண்டும் டியூக் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் உருவான மென்பொருளின் வழி வந்தவை. தோற்றத்தில் இவை மிகப் பழையவையாகத் தெரியும். நிறமோ அலங்காரமோ இல்லாத பட்டியல்கள்தான் கண்ணில் படும். ஆனால் விண்ணப்பிப்பவருக்கும் பரிந்துரையாளருக்கும் இவை மிச்சப்படுத்தும் உழைப்பு மிகப் பெரிது. தன்விவரக் குறிப்பு, ஆய்வுத் திட்ட அறிக்கை, வெளியீட்டுப் பட்டியல் ஆகியவற்றை ஒருமுறை ஏற்றிவிட்டால், அவற்றையே பல பணிகளுக்கும் அனுப்பலாம். ஒரு குறிப்பிட்ட பணிக்கு மட்டும் ஆய்வுத் திட்டத்தை மாற்றி எழுதியிருந்தால், அந்த வடிவத்தைத் தனியாகச் சேர்க்கலாம். பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும் ஒருமுறை ஏற்றினால் போதும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது விண்ணப்பிப்பவருக்குத் தெரியாது. வந்து சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

இந்தக் கடைசி வசதி சிறியதாகத் தோன்றலாம். பரிந்துரைக் கடிதங்கள்தான் போஸ்ட்டாக் விண்ணப்பத்தின் மிகப் பலவீனமான கண்ணி. மூன்று பேராசிரியர்கள் ஒவ்வொருவரும் பத்துப் பதினைந்து வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு படிவங்களில், தங்கள் பெயரையும் பதவியையும் மீண்டும் மீண்டும் நிரப்பிக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றால், ஒன்றிரண்டு விடுபடுவது இயல்பு. விடுபட்ட செய்தி விண்ணப்பிப்பவருக்குத் தெரியாமலேயே அவருடைய கோப்பு ஒதுக்கி வைக்கப்படும். கடிதத்தின் நிலையை வெளிப்படையாகக் காட்டும் தளம், கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பு பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பும் வாய்ப்பையாவது தருகிறது. இரண்டு பணிகள் ஏறக்குறைய ஒரே தகுதியோடு இருந்து, ஒன்று இத்தகைய பொதுத் தளத்தின் வழியாகவும் மற்றொன்று தனிப் படிவத்தின் வழியாகவும் விண்ணப்பம் கேட்டால், முதலாவதை முதலில் முடித்துவிடுவது நல்லது.

ஐரோப்பிய ஆணையத்தின் யூராக்ஸெஸ் வேறு வகைப்பட்டது. 2003இல் ஆய்வாளர் இடப்பெயர்வுக்கான தளமாகத் தொடங்கி 2008இல் இப்போதைய பெயரைப் பெற்ற இது, 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சேவை மையங்களைக் கொண்டிருக்கிறது. விளம்பரம் கொடுக்கக் கட்டணமில்லை என்பதால், பெரிய பல்கலைக்கழகங்களோடு அதிகம் அறியப்படாத நகரங்களின் சிறிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களும் இதில் இடம்பெறுகின்றன. பொருளறிவியல், இயந்திரவியல், வேதிப் பொறியியல், நீரியல் போன்ற துறைகளில் துகளியலுக்கு இருப்பது போன்ற பொதுப் பலகை ஒன்று இல்லை. அந்தத் துறையினருக்கு, ஐரோப்பாவைப் பொறுத்தவரை, யூராக்ஸெஸ்தான் தொடங்க வேண்டிய இடம்.

அதைப் பயன்படுத்தக் கொஞ்சம் பொறுமையும், அதன் மொழியைப் பற்றிய அறிவும் வேண்டும். இத்தளம் ஆய்வாளர்களை நான்கு படிநிலைகளாகப் பிரிக்கிறது: முனைவர் பட்டத்துக்கு முந்தையோர் ஆர்1, பட்டம் பெற்று இன்னும் முழுமையாகத் தனித்து இயங்காதோர் ஆர்2, தனித்து இயங்கும் நிலையை அடைந்தோர் ஆர்3, துறையில் முன்னணியில் இருப்போர் ஆர்4. போஸ்ட்டாக் பணி என்பது பெரும்பாலும் ஆர்2. போஸ்ட்டாக் என்ற சொல்லை மட்டும் இட்டுத் தேடினால், அச்சொல்லைத் தலைப்பில் பயன்படுத்தாத பல நல்ல விளம்பரங்கள் விடுபட்டுப்போகும். ஏனென்றால் ஒவ்வொரு நாட்டிலும் அந்தப் பணிக்கு வெவ்வேறு பதவிப் பெயர். ஆர்2 என்ற வடிகட்டியோடு துறையையும் நாட்டையும் தேர்ந்துகொண்டால் பட்டியல் கையாளத் தக்கதாகிறது. அப்படியும் முனைவர் பட்ட மாணவர் பணியையும் போஸ்ட்டாக் பணியையும் ஒரே விளம்பரத்தில் குறித்துவைக்கும் நிறுவனங்கள் உண்டு. அவற்றைத் திறந்து படித்துத்தான் ஒதுக்க வேண்டும்.

யூராக்ஸெஸில் வசந்த காலத்தில் ஒரு புதிய வகை அறிவிப்பு பெருகத் தொடங்கும். தோற்றத்தில் பணி விளம்பரம் போலவே இருக்கும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் போட்டி முறையில் ஆய்வாளருக்கு வழங்கும் நிதியுதவியான மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி நல்கைக்கு எங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க விருப்பமுள்ளவர்கள் எழுதலாம் என்று உள்ளே சொல்லியிருப்பார்கள். இது பணி அல்ல. நல்கை கிடைத்தால்தான் பணி உண்டு. முதல் முறை தேடுபவர்கள் இதை ஊதியத்தோடு கூடிய காலியிடம் என்று எடுத்துக்கொண்டு பெருமகிழ்ச்சி அடைந்து, பிறகு மனம் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். இந்த அறிவிப்புகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. நல்கைக்கான கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில் வருகிறது. அதற்கு முன் ஒரு வழிகாட்டியையும் நிறுவனத்தையும் உறுதிசெய்து, விண்ணப்பத்தை எழுதிப் பலமுறை திருத்த வேண்டும். அதற்கு இத்தகைய அழைப்புகள் நல்ல தொடக்கம். ஆனால் 2024இல் 10,360ஆக இருந்த விண்ணப்பங்கள் 2025இல் 17,058ஆக உயர்ந்திருக்கின்றன. இதை மட்டும் நம்பி, மற்ற பணிகளுக்கு விண்ணப்பிக்காமல் இருப்பது ஆபத்தானது.

பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யூகே போதுமானது. வார்விக் பல்கலைக்கழகத்தில் 1998இல் தொடங்கிய இத்தளத்தில், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பணிகளில் மிகப் பெரும்பாலானவை வந்துவிடுகின்றன. ஊதியம், ஒப்பந்தக் காலம், கடைசி நாள் ஆகிய மூன்றும் விளம்பரத்தின் தலைப்பிலேயே கண்ணில் படும்படி அமைத்திருப்பது இதன் சிறப்பு. மற்ற தளங்களும் இந்த ஒழுங்கைப் பின்பற்றினால், விண்ணப்பிப்பவர்களின் நேரம் பெருமளவு மிஞ்சும். துறையையும் பணிநிலையையும் தேர்ந்து மின்னஞ்சல் அறிவிப்பை அமைத்துக்கொண்டால், தளத்தைத் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை.

அறிவியல் இதழ்களோடு இணைந்த நேச்சர் கேரியர்ஸ், சயின்ஸ் கேரியர்ஸ் ஆகியவை வணிக முறையில் கட்டணம் பெற்று விளம்பரங்களை வெளியிடுபவை. உயிரியல், உயிர்மருத்துவம், நரம்பியல் துறைகளில் இவை வலுவானவை, பொறியியலில் மெலிந்தவை. பெரிய மருத்துவ ஆய்வு மையங்களும் புதிதாகத் தொடங்கப்படும் ஆய்வு நிலையங்களும் பலரை ஒருசேர எடுக்கும்போது இங்கே விளம்பரம் செய்வதால், எந்த நிறுவனம் விரிவடைந்துகொண்டிருக்கிறது என்பதை அறிய இவை உதவுகின்றன. ஃபைண்ட் எ போஸ்ட்டாக் தளம் பெயருக்கேற்பப் போஸ்ட்டாக் பணியை மட்டும் காட்டுவதால் தேடல் எளிது. ஆனால் இதையே முழுமையான பட்டியல் என்று கொள்ளக் கூடாது. லிங்க்ட்இன் போன்ற சமூக வலைத்தளங்களில், பேராசிரியர்கள் தாமே எழுதும் அறிவிப்புக்கு மதிப்பு உண்டு. தளம் தானாகத் தொகுத்துத் தரும் பட்டியலில் பழையதும் புதியதும் கலந்திருக்கும். வேறு தளங்களிலிருந்து விளம்பரங்களை எடுத்து மறுபதிப்புச் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு தளத்தில், கடைசி நாள் முடிந்து பல மாதங்களான பணிகள்கூடப் புதியவை போலக் காட்டப்படுவதைக் கண்டபின், அத்தகைய எந்தத் தொகுப்பையும் நான் பரிந்துரைப்பதில்லை. எங்கே பார்த்தாலும், மூல நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து அங்கேயும் அந்தப் பணி இருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

போலி விளம்பரங்களையும் இந்த ஒரே பழக்கம் பெரும்பாலும் தடுத்துவிடும். விண்ணப்பக் கட்டணம், விசா முன்பணம், ஆவணச் சரிபார்ப்புத் தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும், நேர்காணலே இல்லாமல் பணி உறுதி என்று கடிதம் வந்தாலும், நிறுவனத்தின் முகவரி அல்லாத பொது மின்னஞ்சல் முகவரியிலிருந்து வங்கி விவரங்களைக் கேட்டாலும், அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தைப் படிக்கும் முறையைப் பற்றியும் ஒரு தளத்தை மதிப்பிடும் இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நல்ல தளங்கள்கூட ஆய்வகம் எழுதித் தந்ததை அப்படியே வெளியிடுகின்றன. ஊதியம் தகுதிக்கேற்ப வழங்கப்படும் என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்த ஊதிய அட்டவணையைச் சார்ந்தது என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் டிவி-எல் ஈ13 என்று, மாநில அரசுப் பணியாளர்களுக்கான ஊதிய அட்டவணையின் ஒரு நிலையைக் குறித்திருந்தால், அந்த அட்டவணை பொதுவில் கிடைக்கிறது. ஆனால் முழு நேரமா, பகுதி விகிதமா என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பல ஆய்வகங்கள் தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளியிடும் உதவித்தொகை அளவையே அடிப்படையாகக் கொள்கின்றன. பட்டம் முடித்து அனுபவம் ஏதும் இல்லாதவருக்கு 2024ஆம் நிதியாண்டில் அது ஆண்டுக்கு 61,008 டாலர். நிரப்பப்படும் வரை திறந்திருக்கும் என்ற வாசகமும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அதனோடு, விண்ணப்பங்களைப் பரிசீலிக்கத் தொடங்கும் நாள் என்று ஒரு தேதி இருந்தால், உண்மையில் அதுதான் கடைசி நாள். அதற்குப் பின் வருவதைப் படிப்பார்கள் என்ற உறுதி இல்லை. ஓராண்டு ஒப்பந்தம், நீட்டிக்க வாய்ப்புண்டு என்றிருந்தால், நீட்டிப்பு நிதி கிடைப்பதைப் பொறுத்ததா, பணியைப் பொறுத்ததா என்று நேர்காணலில் தயங்காமல் கேட்கலாம்.

பொதுத் தளங்களில் முழுமையாக வராத பணிகளின் பெருந்தொகுதி ஒன்று உண்டு. பிரான்சின் தேசிய ஆய்வு அமைப்பான சிஎன்ஆர்எஸ் தன் ஒப்பந்தப் பணிகளைத் தன் சொந்தப் பணித் தளத்தில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழகத்தில் ஒவ்வொரு நிலையமும் தனித்தனியே ஆள் எடுக்கிறது. அமெரிக்காவின் ஆர்கான், ஓக் ரிட்ஜ், லாஸ் அலமாஸ் போன்ற தேசிய ஆய்வகங்கள் தமக்கென்று பணித் தளங்களை வைத்திருக்கின்றன; அவற்றின் சில பணிகளுக்குக் குடியுரிமை நிபந்தனை உண்டு என்பதால், விண்ணப்பத்தை எழுதத் தொடங்குமுன் அந்த வரியைப் படித்துவிட வேண்டும். அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகங்கள் நடத்தும் என்ஆர்சி ஆய்வு இணைவுத் திட்டம், அரசு ஆய்வகங்களில் பணியாற்ற ஆண்டுக்கு நான்கு முறை விண்ணப்பங்களை ஏற்கிறது. ஒவ்வொரு வழிகாட்டியும் தம் ஆய்வுத் தலைப்பை அதன் தளத்தில் பதிந்துவைத்திருக்கிறார். விண்ணப்பிப்பவர் முதலில் அவரோடு பேசி, பிறகு திட்டத்தை எழுத வேண்டும். பொறியியலாளர்களுக்கு இது மிகவும் ஏற்றது. ஏனோ பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஆய்வாளரே பெற்றுக்கொண்டு செல்லும் நல்கைகளில், ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளையின் நல்கையை முதலில் சொல்வேன். எல்லா நாட்டினரும் எல்லாத் துறையினரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. 6 முதல் 24 மாதங்கள் வரை ஜெர்மனியில் பணியாற்றலாம். கடைசி நாள் என்று ஒன்று இல்லாமல் ஆண்டு முழுவதும் விண்ணப்பத்தை ஏற்கிறார்கள். மேரி கியூரி நல்கையில் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டுகள் வரையான ஆய்வு அனுபவத்தை ஏற்கிறார்கள். ஆனால் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், பணியாற்றப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்ற விதி, ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருப்பவர்களை விலக்கிவிடுகிறது. உயிரறிவியலாளர்களுக்கு எம்போ, ஹெச்எஃப்எஸ்பி என்ற பன்னாட்டு அமைப்புகளின் நல்கைகள் உள்ளன. இரண்டுமே நாடு விட்டு நாடு செல்பவருக்கானவை. ஹெச்எஃப்எஸ்பியில் இயற்பியல், வேதியியல், பொறியியல் போன்ற துறைகளிலிருந்து உயிரியலுக்கு மாற விரும்புபவர்களுக்கென்றே தனி நல்கை இருக்கிறது என்பதை அத்துறையினர் பலர் அறியாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

இதுவரை சொன்ன எல்லாத் தளங்களுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. விளம்பரம் வெளியான பிறகுதான் அவை காட்டுகின்றன. அந்த நேரத்தில் பேராசிரியரின் மனத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கலாம். இல்லாவிட்டாலும் விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியலாம். எனவே பணி தேடும் தளம் என்று யாரும் எண்ணாத ஒரு வகைத் தளத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நிதி வழங்கும் அமைப்புகள் தாம் வழங்கிய நிதியின் விவரங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் தரவுத்தளங்களே அவை. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் விருதுத் தேடல், தேசிய சுகாதார நிறுவனங்களின் ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்டிஸ், பிரிட்டனின் கேட்வே டு ரிசர்ச், ஜெர்மனியின் கெப்ரிஸ், ஜப்பானின் காக்கென் ஆகியவற்றில் நிதி பெற்ற திட்டங்களைக் காணலாம். ஆய்வுத் தலைப்பு, முதன்மை ஆய்வாளரின் பெயர், நிறுவனம், தொடக்க ஆண்டு, முடியும் ஆண்டு ஆகியவை இருக்கும். சிலவற்றில் தொகையும் இருக்கும். துறைச்சொல் ஒன்றை இட்டுத் தேடி, தொடங்கி ஆறு மாதம் ஆகாத திட்டங்களை மட்டும் எடுத்தால், கையில் நிதியும் ஆளுக்கான தேவையும் உள்ளவர்களின் பட்டியல் கிடைத்துவிடும். தொடங்கி மூன்று ஆண்டு கடந்த திட்டத்தில் அடுத்த ஆளுக்கு இடம் இருப்பது அரிது.

இதன் மிகத் தெளிவான வடிவம் ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நல்கைகள். தொடக்க நல்கை 15 லட்சம் யூரோ வரை, நிலைநிறுத்து நல்கை 20 லட்சம் யூரோ வரை, மேம்பட்டோர் நல்கை 25 லட்சம் யூரோ வரை, ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுகின்றன. வென்றவர்களின் பெயரும் திட்டத் தலைப்பும் பட்டியலாக வெளியாகின்றன. தொடக்க நல்கையின் பட்டியல் வழக்கமாக செப்டம்பரில் வருகிறது. அதைப் பெற்றவர் பெரும்பாலும் தம் முதல் குழுவை அப்போதுதான் அமைக்கிறார். அந்தத் தொகையின் பெரும் பகுதியை இளம் ஆய்வாளர்களின் ஊதியத்துக்கே செலவிட வேண்டியிருக்கிறது. அவருடைய விளம்பரம் யூராக்ஸெஸில் வரச் சில மாதங்கள் ஆகலாம். அந்தச் சில மாதங்கள் விழிப்போடு தேடுபவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை.

அவருக்கு எழுதும் மின்னஞ்சல் சுருக்கமாக இருக்க வேண்டும். அவருடைய புதிய திட்டத்தின் எந்தப் பகுதி உங்களுக்குப் பொருந்துகிறது என்பதை இரண்டு மூன்று வரிகளில் சொல்லுங்கள். உங்கள் ஆய்வேட்டில் நீங்கள் கையாண்ட கருவியோ கணிப்பு முறையோ அந்தத் திட்டத்தின் எந்தக் கட்டத்தில் உதவும் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பட்டம் முடியும் மாதத்தையும் பணியில் சேரக்கூடிய மாதத்தையும் குறிப்பிடுங்கள். தன்விவரக் குறிப்பையும் உங்கள் கட்டுரைகளுள் மிகச் சிறந்த ஒன்றையும் மட்டும் இணையுங்கள். மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே என்று தொடங்கி, பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்பும் கடிதம் முதல் வரியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பதில் வர இரண்டு வாரங்கள் கொடுத்து, வராவிட்டால் ஒருமுறை மட்டும் நினைவூட்டலாம். விளம்பரம் முறைப்படி வெளியாகும்போது விண்ணப்பியுங்கள் என்று அவர் எழுதினால், அது மறுப்பு அல்ல. பொது நிதியில் இயங்கும் பல நிறுவனங்களில் விளம்பரமும் நேர்காணலும் இல்லாமல் யாரையும் எடுக்க விதி இடம் தராது. அப்போது அந்த நிறுவனத்தின் பணிப் பக்கத்தில் மின்னஞ்சல் அறிவிப்பை அமைத்துக்கொண்டு, பரிந்துரையாளர்களிடம் அந்தப் பணியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.